புழுவிலிருந்து சோதனைக் குழாய் வரை: மைக்ரோ ஆர்.என்.ஏ.வை அளக்கக் கற்ற வரலாறு

சென்ற பொங்கல் விழாவன்று பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, நம் சங்கத்து நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் போனார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த வழவழப்பான விளம்பரத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். ஒரு குழாய் ரத்தம் கொடுத்தால் போதும், மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பதை அளந்து, அறிகுறி தெரியும் முன்பே எந்தப் புற்றுநோயையும் சொல்லிவிடுவோம் என்று அதில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தது.

நண்பரின் மனைவி மூன்றாண்டுகளுக்கு முன் சினைப்பைப் புற்றுநோயில் காலமானார். வயிற்று உப்புசம் என்று மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டார். உண்மை தெரிந்தபோது நோய் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் வேலைக்குப் போகிறாள், இளையவள் கல்லூரியில் படிக்கிறாள்.

"சார், நீங்க லேபிலேயே இருந்தவரு. பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் இதை எடுத்துடலாமா? பணம் போனாப் போகுது. அவளுக்கு வந்த மாதிரி இதுங்களுக்கும் வந்துடக் கூடாது" என்றார்.

சட்டென்று எடுத்துடுங்க என்றோ வேண்டாம் என்றோ என்னால் சொல்ல முடியவில்லை. "ஒரு வாரம் டைம் குடுங்க சார், யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். மலர்க் குழுவினர் இந்த ஆண்டுக்குக் கட்டுரை கேட்டபோது, அவருக்குச் சொன்ன பதிலையே கொஞ்சம் விரிவாக எழுதித் தரலாம் என்று தோன்றியது. முப்பது ஆண்டுகள் வட இந்திய ஊர் ஒன்றில் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். இந்த வரலாற்றின் ஓர் ஓரத்தில் நானும் நின்றிருக்கிறேன். அங்கே ஒரு தவறும் செய்திருக்கிறேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரு மில்லிமீட்டர் புழு

நம் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் டி.என்.ஏ. என்ற மூலப் பிரதி இருக்கிறது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதிலிருந்து தேவையான பகுதி மட்டும் ஆர்.என்.ஏ. என்ற நகலாக எடுக்கப்படும். அந்த நகலைப் படித்துத்தான் செல் புரதங்களைச் செய்கிறது. மூலப் பிரதி சமையல் புத்தகம் என்றால், நகல் அன்றைய சமையலுக்குக் கிழித்தெடுத்த சீட்டு. நெடுங்காலம் அறிவியலார் நினைத்திருந்தது இவ்வளவுதான். சீட்டு வந்துவிட்டால் சமையல் நடந்தே தீரும் என்பது பொதுவான எண்ணம்.

அந்த எண்ணத்தை அசைத்தது ஒரு புழு. சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்று பெயர். மண்ணில் வாழ்வது, நீளம் சுமார் 1 மில்லிமீட்டர். உடம்பு கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும் என்பதால், ஒவ்வொரு செல்லும் எப்போது பிறக்கிறது, எங்கே போகிறது என்று நுண்ணோக்கியில் பார்க்கலாம். 1960-களில் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் இதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். அவருக்கும் ஜான் சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் ஆகியோருக்கும் இந்தப் புழு ஆராய்ச்சிக்காகவே 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது.

1980-களில் ஹார்விட்ஸின் ஆய்வுக்கூடத்தில் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் என்ற இரு இளைஞர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் கவனித்தது, வளர்ச்சியின் காலக்கணக்கு தவறிய புழுக்களை. லின்-4 என்ற மரபணு கெட்டுப்போன புழு, குழந்தைப் பருவத்து வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். லின்-14 கெட்டுப்போன புழு அதற்கு நேர்மாறு. ஆரம்பப் பருவத்தைத் தாண்டிக் குதித்துவிடும். லின்-4 ஏதோ ஒரு வழியில் லின்-14-ஐ அடக்குகிறது என்பது புரிந்தது. எப்படி என்பதுதான் தெரியவில்லை.

பிறகு இருவரும் தனித்தனி ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார்கள். ஆம்ப்ரோஸ் குழுவில் ரோசலிண்ட் லீ, ரோண்டா ஃபைன்பாம் ஆகியோர் லின்-4 மரபணுவைத் தேடிப் பிடித்தார்கள். அதிலிருந்து ஒரு புரதம் வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. வந்தது வெறும் 22 எழுத்து நீளமுள்ள ஒரு துணுக்கு ஆர்.என்.ஏ. அதே சமயம் ரவ்கன் குழு லின்-14-ன் வரிசையைப் படித்து வைத்திருந்தது. 1992-ல் இருவரும் தத்தம் வரிசைகளைப் பரிமாறிக்கொண்டபோது, லின்-14 சீட்டின் வால் பகுதியில் லின்-4 துணுக்கு போய் ஒட்டிக்கொள்ளக்கூடிய இடங்கள் பல இருப்பது தெரிந்தது. சீட்டு வந்தும் சமையல் நின்றுபோவது இப்படித்தான். 1993 டிசம்பரில் 'செல்' இதழில் இரண்டு கட்டுரைகளும் அடுத்தடுத்து வெளிவந்தன.

உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அது ஏதோ அந்தப் புழுவின் தனிப் பழக்கம் என்று விட்டுவிட்டார்கள். 2000-ல் ரவ்கன் குழு லெட்-7 என்ற இரண்டாவது துணுக்கைக் கண்டது. அது புழுவில் மட்டுமல்ல, ஈயிலும் மீனிலும் மனிதனிலும் மாறாமல் இருந்தது. அப்போதுதான் விழித்துக்கொண்டார்கள். 2001 அக்டோபரில் 'சயன்ஸ்' இதழில் மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் இத்தகைய துணுக்குகள் ஏராளமாக இருப்பதை அறிவித்தன. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற பெயர் அப்போது நிலைத்தது. இவற்றுக்கான பதிவேட்டின் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பில் மனிதருக்கு மட்டும் 2,654 துணுக்குகள் பட்டியலிடப்பட்டிருந்தன. அவற்றில் எல்லாமே உறுதியானவை அல்ல என்றாலும் எண்ணிக்கை பெரிதுதான். ஆம்ப்ரோசுக்கும் ரவ்கனுக்கும் நோபல் பரிசு வந்தது 2024-ல். கட்டுரை எழுதி 31 ஆண்டுகள் கழித்து.

நோயோடு விழுந்த முடிச்சு

ஒரு துணுக்கு பல சீட்டுகளை அடக்கும். ஒரு சீட்டைப் பல துணுக்குகள் அடக்கும். செல்லில் இவற்றின் அளவு பிசகினால் நோய் வரும் என்று ஊகிப்பது இயல்புதானே? அந்த ஊகத்துக்கு முதல் சான்று 2002-ல் வந்தது. வயதானவர்களுக்கு வரும் ஒருவகை நாட்பட்ட ரத்தப் புற்றுநோயில் 13-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு காணாமல் போவது முன்பே தெரிந்த விஷயம். அங்கே எந்தப் புரத மரபணு தொலைகிறது என்று ஆண்டுக்கணக்கில் தேடியும் அகப்படவில்லை. ஜார்ஜ் காலின், கார்லோ குரோச்சே குழுவினர், அங்கே தொலைவது மிர்-15, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் என்று காட்டினார்கள்.

2005-ல் டாட் கோலப் குழு இன்னொரு படி போயிற்று. சில புற்றுக் கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்தாலும் அவை எந்த உறுப்பில் தோன்றியவை என்று சொல்ல முடியாது, அவ்வளவு உருக்குலைந்திருக்கும். அத்தகைய கட்டிகளைக்கூட, சுமார் 200 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவைப் பார்த்து வகைப்படுத்த முடிந்தது. ஆயிரக்கணக்கான சாதாரண ஆர்.என்.ஏ.க்களை அளந்தும் வராத தெளிவு இந்தக் குறுந்துணுக்குகளால் வந்தது.

நோயைக் கண்டுபிடிக்கும் கருவியாக இது ஆகலாம் என்ற நம்பிக்கை அங்கேதான் முளைத்தது. ஆனால் அளக்க வேண்டுமே! அதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

பாத்திரமே கைப்பிடி அளவு

ஆரம்பத்தில் கையில் இருந்தது நார்தர்ன் பிளாட் என்ற 1977-ஆம் ஆண்டு முறை. ஆர்.என்.ஏ.வைக் கூழ்மத் தட்டில் ஓடவிட்டு, நீளத்தின்படி பிரித்து, ஒரு சவ்வுக்கு மாற்றி, கதிரியக்கம் ஏற்றிய எதிர்த்துணுக்கை அதன் மேல் ஒட்டவிட்டு, எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்புப் பட்டையாகப் பார்ப்பது. நம்பகமான முறைதான். ஆனால் பல மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ. வேண்டும். ஒரு நோயாளியின் சின்ன சதைத் துணுக்கிலிருந்தோ ஒரு சொட்டு ரத்தத்திலிருந்தோ அவ்வளவு கிடைக்காது. தவிர, ஒரு முறைக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.

கொஞ்சமாக இருப்பதைப் பெருக்கி அளக்க பி.சி.ஆர். இருக்கிறதே என்று கேட்கலாம். கோவிட் காலத்துக்குப் பிறகு ஆர்.டி.-பி.சி.ஆர். என்ற சொல் தெரியாத வீடே கிடையாது. அதில் இலக்கின் இரண்டு முனைகளிலும் ஆளுக்கொன்றாக இரண்டு தொடக்கத் துணுக்குகள் ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 20 எழுத்து நீளம். இலக்கே 22 எழுத்து என்றால் இரண்டு பக்கமும் எப்படிப் பிடிப்பது? பாத்திரமே கைப்பிடி அளவு இருந்தால் அதற்குக் கைப்பிடி எங்கே வைப்பது என்கிற மாதிரி.

2005-ல் இதற்கு ஓர் அழகான வழி வந்தது. கொண்டை ஊசி போல் தன்மீதே மடிந்த ஒரு தொடக்கத் துணுக்கைச் செய்தார்கள். அதன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆறு எழுத்து மட்டும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் வாலில் ஒட்டும். அங்கிருந்து நகல் எடுத்தால், நகலின் ஒரு முனையில் கொண்டை ஊசியின் நீளமும் சேர்ந்துவிடும். அதாவது பாத்திரத்துக்கு வெளியிலிருந்து ஒரு நீளமான கைப்பிடி பற்ற வைத்தாயிற்று. அதற்குப் பிறகு வழக்கமான பி.சி.ஆர். ஓடும்.

இந்தக் கருவி கொடுக்கும் எண்ணுக்கு சி.டி. என்று பெயர். எத்தனையாவது சுற்றில் ஒளி தெரிந்தது என்பது அது. ஒவ்வொரு சுற்றிலும் பொருள் இரட்டிக்கும். ஆகவே எண் குறைந்தால் சரக்கு அதிகம். ஒரு சுற்று வித்தியாசம் 2 மடங்கு. 3 சுற்று என்றால் 8 மடங்கு. 10 சுற்று என்றால் 1,024 மடங்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதிலும் சங்கடங்கள் உண்டு. லெட்-7 குடும்பத்தில் 'ஏ' என்ற அண்ணனுக்கும் 'சி' என்ற தம்பிக்கும் 22 எழுத்தில் ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அண்ணனைக் கூப்பிட்டால் தம்பியும் திரும்பிப் பார்ப்பான். வரிசையை நேரடியாகப் படிக்கும் புதுத் தலைமுறைக் கருவிகள் இந்தக் குழப்பத்தைத் தீர்த்தன. ஆனால் அவற்றில் துணுக்கின் முனைகளில் ஒட்டுப் போடும் நொதி சில வரிசைகளை விரும்பி ஒட்டுகிறது, சிலவற்றை ஒதுக்குகிறது. ஆகவே அங்கே கிடைக்கும் எண்ணிக்கையும் உள்ளது உள்ளபடி அல்ல.

ரத்தத்தில் கிடைத்த துணுக்கு

ரத்தத்தில் ஆர்.என்.ஏ.வைத் தின்றுவிடும் நொதிகள் நிறைய. அதனால் ரத்தச் சீரத்தில் ஆர்.என்.ஏ. தேடுவது வெயிலில் வைத்த ஐஸ் கட்டியைத் தேடுவது மாதிரி என்றுதான் எங்கள் காலத்தில் சொல்வோம். 2008 அதை மாற்றிய ஆண்டு. சில மாத இடைவெளியில் பல குழுக்கள் சீரத்திலும் பிளாஸ்மாவிலும் மைக்ரோ ஆர்.என்.ஏ. இருப்பதை அறிவித்தன.

அவற்றில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் முனீஷ் திவாரி குழு செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. செயற்கையாகச் செய்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வை வெறும் பிளாஸ்மாவில் விட்டார்கள், சீக்கிரமே அழிந்துபோயிற்று. ஆனால் பிளாஸ்மாவில் இயற்கையாகவே இருந்தது அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்தாலும் அழியவில்லை. எட்டு முறை உறைய வைத்து உருக்கினாலும் அசையவில்லை. அப்படியானால் அது ஏதோ கவசத்துக்குள் இருக்க வேண்டும். பரவிய நிலையிலிருந்த புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 25 பேரையும் ஆரோக்கியமான ஆண்கள் 25 பேரையும் ஒப்பிட்டு, மிர்-141 நோயாளிகளிடம் அதிகம் என்றும் காட்டினார்கள். கவசம் என்ன என்பது பிறகு தெரிந்தது. கொஞ்சம் செல்கள் வெளிவிடும் நுண்பைகளுக்குள் இருக்கிறது. பெரும்பகுதி ஆர்கோநாட் என்ற புரதத்தின் பிடியில் இருக்கிறது என்று 2011-ல் அதே குழுவின் ஆய்வு சொன்னது.

அவர்கள் செய்த இன்னொரு காரியமும் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கும்போது எவ்வளவு சேதாரம் ஆகிறது என்று தெரிய வேண்டும். நகைக் கடையில் உரைகல் மாதிரி ஒன்று வேண்டும். மனித உடம்பில் இல்லாத, ஆனால் அதே ஜாதியைச் சேர்ந்த துணுக்காக அது இருக்க வேண்டும். எதை எடுத்தார்கள் தெரியுமா? நம் பழைய புழுவின் மிர்-39 முதலிய மூன்று துணுக்குகளை. நொதிகளைச் செயலிழக்கச் செய்யும் திரவத்தை ஊற்றிய பிறகு அளந்து சேர்த்துவிடுவார்கள். கடைசியில் அது எவ்வளவு திரும்பி வருகிறதோ அதை வைத்துச் சேதாரத்தைக் கணக்கிடுவார்கள். இன்றும் பல ஆய்வுக்கூடங்களில் இதுவே வழக்கம். இந்தத் துறையைத் தொடங்கி வைத்த புழுவே அதன் எடைக்கல்லாகவும் ஆயிற்று.

2009-ல் எலிகளில் ஒரு முக்கியமான முடிவு வந்தது. பாராசிட்டமால் அளவு மீறி ஈரல் கெடும்போது, ஈரலுக்கே உரிய மிர்-122 ரத்தத்தில் பெருகுகிறது. வழக்கமான ஈரல் நொதிப் பரிசோதனை உயரும் முன்பே அது உயர்ந்துவிடுகிறது. 2011-ல் மனிதர்களிலும் பாராசிட்டமால் நச்சில் அது உயர்வதைக் கண்டார்கள்.

இளஞ்சிவப்புப் பிளாஸ்மா

இனி என் கதை. ஆய்வுக்கூடத்தின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். தவறில் பங்கு எனக்கும் உண்டு.

2010-ல் எங்களிடம் ஓர் ஆராய்ச்சி மாணவி சேர்ந்தாள். இரைப்பைப் புற்றுநோயாளிகளின் பிளாஸ்மாவில் மைக்ரோ ஆர்.என்.ஏ. அளப்பது அவள் தலைப்பு. கருவி என் பொறுப்பு. நோயாளிகளின் ரத்தம் வார்டிலிருந்து வரும். ஒப்பீட்டுக்கு ஆரோக்கியமானவர்கள் வேண்டுமே, எங்கள் ஊழியர்களும் மாணவர்களும்தான். ஓராண்டு உழைப்பில் முடிவு வந்தது. மிர்-451-ம் மிர்-16-ம் நோயாளிகளிடம் மூன்று சுற்று முன்னதாகவே தெரிந்தன. அதாவது சுமார் 8 மடங்கு அதிகம். வரைபடத்தில் இரண்டு கூட்டமும் தனித்தனியாக நின்றன. அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் மைசூர்பாகு விநியோகம்! நானே வாங்கி வந்தேன்.

ஆனால் ஒரு விஷயம் என் மனசை அரித்துக்கொண்டிருந்தது. பிளாஸ்மா என்பது வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். வார்டிலிருந்து வந்த குழாய்களைச் சுழற்றி எடுத்தால், பலவற்றில் லேசான ரோஜா நிறம் இருந்தது. சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். வழக்கமான பரிசோதனைக் கூடமாக இருந்தால் 'மாதிரி கெட்டது, மறுபடி எடுக்கவும்' என்று திருப்பி அனுப்பியிருப்பேன். பொட்டாசியம் தப்பாகக் காட்டும் என்று முதல் ஆண்டிலேயே சொல்லிக் கொடுத்த பாடம் அது. ஆராய்ச்சி என்பதால், கிடைத்ததே பெரிசு என்று விட்டுவிட்டேன். குறிப்பேட்டில்கூட எழுதவில்லை. இதுதான் என் தவறு.

2011-12-ல் வெளிநாட்டுக் கட்டுரைகள் வரத் தொடங்கின. மிர்-451, மிர்-16 இரண்டும் சிவப்பணுவுக்குள் ஏராளமாக இருப்பவை. சிவப்பணு உடைந்தால் பிளாஸ்மாவில் கொட்டும் என்று அவை சொல்லின. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் வார்டுக்குப் போய் நின்று பார்த்தேன். கீமோ மருந்து ஏறி ஏறி நரம்பு சுருங்கிப்போன நோயாளிகள். மெல்லிய ஊசியால் கஷ்டப்பட்டு இழுக்கிறார்கள். பிறகு சிரிஞ்சிலிருந்து குழாய்க்குள் வேகமாகப் பீய்ச்சுகிறார்கள். குழாய்கள் மேசையில் வைத்தபடி இருக்கும். கடைநிலை ஊழியர் மாலையில்தான் எடுத்து வருவார். எங்கள் ஊர் மே மாதத்து வெயில் உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் ஆட்களின் ரத்தமோ பக்கத்து அறையில் எடுத்து, அரை மணிக்குள் சுழற்றப்பட்டது. நாங்கள் அளந்தது புற்றுநோயை அல்ல. மேசையில் கிடந்த நேரத்தையும் ஊசியின் பருமனையும்.

மாணவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சார், இதை முன்னாடியே பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். "பாத்தேம்மா. எழுதலை" என்றேன். அவள் அழவில்லை, வைத்திருந்த மாதிரிகள் எல்லாவற்றையும் அன்றே எடுத்து 414 நானோமீட்டர் ஒளியில் அளந்தாள். ஹீமோகுளோபின் அந்த ஒளியைத்தான் அதிகம் விழுங்கும். வார்டு மாதிரிகளில் பெரும்பாலானவை தேறவில்லை. பிறகு புதிதாக இரு தரப்பிலும் ஒரே ஊசி, ஒரே குழாய், ஒரே நேரக் கணக்கில் ரத்தம் எடுத்தோம். 8 மடங்கு வித்தியாசம் காணாமல் போயிற்று. அனுப்பத் தயாராக இருந்த கட்டுரையை எங்கள் துறைத் தலைவர் தாமே கிழித்துப் போட்டார். அவளுக்கு ஒன்றரை ஆண்டு வீணாயிற்று. வேறு தலைப்பில்தான் பட்டம் வாங்கினாள். இன்று வேறோர் ஊரில் ஆய்வுக்கூடத் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறாள். என் மேல் அவளுக்குக் கோபம் இல்லை என்கிறாள். எனக்குத்தான் அது ஆறவில்லை.

உலகம் பார்த்த மறுகணக்கு

எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது என்பது பிறகு தெரிந்தது. 2012-ல் திவாரியின் குழுவே ஓர் எச்சரிக்கைக் கட்டுரை வெளியிட்டது. கட்டிப் புற்றுநோய்களுக்கு ரத்த அடையாளம் என்று அதுவரை அறிவிக்கப்பட்ட 79 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் 46, அதாவது 58 சதவீதம், ரத்த அணுக்களிலேயே மிகுதியாக இருப்பவை. சிவப்பணு உடைவதாலேயே சிலவற்றின் அளவு 50 மடங்கு வரை மாறக்கூடும். தங்கள் துறையின் அஸ்திவாரத்தைத் தாங்களே தட்டிப் பார்த்தார்கள்.

அதே ஆண்டு தென்கொரியாவில் நாரி கிம் குழு இன்னும் பெரிய காரியம் செய்தது. செல்கள் தட்டிலிருந்து பிரிந்ததும் மிர்-141 வேகமாக அழிகிறது என்று முந்தைய ஆண்டு அவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அது அழியவில்லை. செல்கள் குறைவாக இருக்கும்போது, உலகெங்கும் பயன்படும் பிரித்தெடுக்கும் திரவத்தில் அந்தத் துணுக்கு சரியாகப் படியாமல் நழுவிப் போகிறது. அவர்கள் கட்டுரையைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டு, காரணத்தையும் விளக்கி எழுதினார்கள். அந்த விளக்கத்தால் எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் பிழைத்தன.

சின்னச் சின்ன விஷயங்களும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தால் அது பி.சி.ஆரையே தடுத்துவிடும், இ.டி.டி.ஏ. போட்ட ஊதா மூடி நல்லது. ரத்தத்தை உறையவிட்டுச் சீரம் எடுத்தால், உறையும்போது தட்டணுக்கள் தம் சரக்கைக் கொட்டும். ஆகவே சீரத்தையும் பிளாஸ்மாவையும் ஒப்பிடக் கூடாது. 2014-ல் 12 வணிகக் கருவிகளுக்கு ஒரே மாதிரிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம், ஒரு பலவீனம். எது மாறியிருக்கிறது என்பதில்கூட அவை முழுவதும் ஒத்துப்போகவில்லை. நம் ஊர்களில் ஒரு காலத்தில் ஆளுக்கொரு படி வைத்து நெல் அளந்த மாதிரிதான்.

வென்ற இடங்கள்

அப்படியானால் எல்லாம் வீணா? இல்லை. தெளிவாக வென்ற இடம் ஒன்று உண்டு: இளைஞர்களுக்கு வரும் விரைப் புற்றுநோய். மிர்-371 என்ற துணுக்கு கருப்பருவத்துச் செல்களுக்கு உரியது; வளர்ந்த ஆணின் ரத்தத்தில் அதற்கு வேலையே கிடையாது. சிவப்பணுவிலும் இல்லை. ஆகவே ரத்தத்தில் அது தெரிந்தால் அர்த்தம் உண்டு. 2019-ல் ஜெர்மானியர் தலைமையில் வெளிவந்த பெரிய ஆய்வில் 616 நோயாளிகளையும் 258 ஒப்பீட்டு ஆண்களையும் சோதித்தார்கள். நோயுள்ளவர்களில் 90.1 சதவீதத்தினரை அது பிடித்தது. நோயில்லாதவர்களில் 94 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிட்டது. டெரட்டோமா என்ற ஒரு வகையை மட்டும் அது காண்பதில்லை. அந்தக் குறையையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். சீனாவில் ஈரல் புற்றுநோய்க்கு ஏழு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் கொண்ட பிளாஸ்மாப் பரிசோதனை ஒன்று 2017-ல் அரசு அனுமதி பெற்றது. தைராய்டு கட்டியில் ஊசியால் எடுத்த மாதிரி சந்தேகமாக இருக்கும்போது துணைப் பரிசோதனையாகவும் இவை பயன்பட்டிருக்கின்றன.

இவற்றில் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். எல்லாமே ஒரு குறிப்பிட்ட நோய், சந்தேகப்பட ஏற்கெனவே காரணம் உள்ள ஆள், குறிப்பிட்ட கேள்வி. ஊரில் உள்ள எல்லாரையும் சோதிப்பது வேறு சமாசாரம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நோயாளிகளில் 90 சதவீதத்தைப் பிடித்து, மற்றவர்களில் 94 சதவீதத்தைச் சரியாக விடும் நல்ல பரிசோதனை என்றே வைத்துக்கொள்வோம். ஆரோக்கியமாகத் தோன்றும் 10,000 பேரில் 10 பேருக்கு நோய் இருக்கிறது. அந்த 10-ல் 9 பேரைப் பிடிக்கும், சந்தோஷம். மீதி 9,990 பேரில் 6 சதவீதம், அதாவது 599 பேரிடம் 'உனக்குப் புற்றுநோய் இருக்கலாம்' என்று பொய் சொல்லும். 608 குடும்பம் கலங்கும். அதில் 9 பேருக்குத்தான் உண்மை.

நண்பருக்குச் சொன்ன பதில்

ஒரு வாரம் கழித்து நண்பர் வீட்டுக்கே போனேன். இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, "சார், இந்த டெஸ்ட் வேண்டாம்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப ஒண்ணுமே பண்ண முடியாதா?"

சினைப்பைப் புற்றுநோயில் நீண்ட அனுபவமுள்ள சி.ஏ.-125 ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் வைத்து, பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அதனால் சாவு குறையவில்லை என்றே 2021-ல் முடிவு வந்தது. அவ்வளவு பெரிய சோதனையைத் தாண்டாத ஒரு விளம்பரத் தாளை எப்படி நம்புவது?

ஆனால் அவருடைய பெண்களுக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அது மைக்ரோ ஆர்.என்.ஏ. அல்ல, டி.என்.ஏ. சினைப்பைப் புற்றுநோய் சில குடும்பங்களில் பி.ஆர்.சி.ஏ.-1, பி.ஆர்.சி.ஏ.-2 என்ற மரபணுக்களின் பழுதால் வருகிறது. 1994-லும் 1995-லும் கண்டறியப்பட்டவை இவை. தாய்க்கு அந்தப் பழுது இருந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வது என்பதற்குப் புற்றுநோய் மருத்துவர்களிடம் தெளிவான வழி இருக்கிறது. இல்லை என்று தெரிந்தால் பாதி பயம் போயிற்று. தாயிடம் முதலில் பார்ப்பதுதான் முறை. அவர் இல்லை என்றாலும், அறுவை சிகிச்சையில் எடுத்த சதையை மெழுகுக் கட்டியாக மருத்துவமனையில் வைத்திருக்கக்கூடும். "முதல்ல அதைக் கேளுங்க. அப்புறம் பொண்ணுங்களை மரபணு ஆலோசகர்கிட்ட அழைச்சிட்டுப் போங்க, நானும் வர்றேன்" என்றேன்.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். புதிய ரத்தப் பரிசோதனை எதற்கும் பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த நோய்க்கு? யாரிடம் சோதித்துப் பார்த்தார்கள், எத்தனை பேர்? நோய் இல்லாத எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தப்பாகச் சொல்கிறது? முடிவு எதுவானாலும் அடுத்து மருத்துவர் என்ன செய்வார்? நான்குக்கும் நேரான பதில் வராவிட்டால் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, ரத்தம் எடுக்க வரும் பையன் 'மாதிரி கெட்டுப்போச்சு, மறுபடி எடுக்கணும்' என்று போன் செய்தால் தயவுசெய்து அவனைத் திட்டாதீர்கள். நான் செய்யாமல் விட்டதை அவன் செய்கிறான்.

போன மாதம் நண்பர் போன் செய்தார். "சார், ஆஸ்பத்திரியிலே அந்த பிளாக் பத்திரமா இருக்காம். டெஸ்டுக்கு அனுப்பியாச்சு" என்றார். மூத்த பெண்ணும் பக்கத்திலிருந்து, "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். இதை எழுதும் இன்று வரை முடிவு வரவில்லை.